மூன்று நிறப் பூனை, ஐந்து குட்டிகள்: நிறத்தை வைத்து அப்பாவைக் கண்டுபிடிக்க முடியுமா?

பூனைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பூனை ஐந்து குட்டி போட்டு இன்றோடு 26 நாள். துணி அலமாரிக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியில் பழைய போர்வையை மடித்துப் போட்டிருக்கிறேன், அங்கேதான் ஆறு பேரும் இருக்கிறார்கள். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. தினமும் ஒவ்வொரு குட்டியையும் எடை பார்த்து, படம் வரைந்து, நோட்டில் எழுதுகிறாள். அந்த நோட்டிலிருந்து கிளம்பிய கேள்விதான் இது.

அம்மாப் பூனை மூன்று நிறம். வயிறும் நான்கு கால்களும் வெள்ளை. முதுகில் பெரிய பெரிய திட்டாகக் கறுப்பும் செவலையும். முகம்தான் அதிசயம்: மூக்குத்தண்டில் நூல் பிடித்துக் கோடு போட்ட மாதிரி இடப்பக்கம் கறுப்பு, வலப்பக்கம் செவலை.

குட்டிகளில் மூன்று ஆண். ஒன்று உச்சி முதல் வால்வரை கறுப்பு. இன்னொன்று கறுப்புதான், ஆனால் நான்கு காலிலும் வெள்ளைக் காலுறை. மூன்றாவது செவலையும் வெள்ளையும். பெண் இரண்டு. ஒருத்தி அம்மாவைப் போலவே மூன்று நிறம். கடைசியாகப் பிறந்த சின்னவள் முழுச் செவலை, முகவாயில் மட்டும் ஒரு பொட்டு வெள்ளை.

போன வாரம் பெட்டியோடு கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் உள்ளே எட்டிப் பார்த்து, கையில் எடுக்காமலேயே, “இந்த மூணு கலர் குட்டி பொட்டை” என்றார். மகள் “எப்படி சார் தெரியும்?” என்று கேட்டாள். “அது அப்படித்தாம்மா” என்றார். வெளியே கூட்டம் காத்திருந்தது, கிளம்பிவிட்டோம்.

எங்கள் சுற்றுச்சுவர் மேல் சாயங்காலமானால் ஒரு கறுப்பு வெள்ளைக் கடுவன் வந்து உட்காரும். காலுறை போட்ட குட்டி அவனை உரித்து வைத்திருக்கிறது. அதனால் “அப்பா: சுவர்க்காரன்” என்று மகள் நோட்டில் எழுதிவிட்டாள். அது சரிதானா? மூன்று நிறம் என்றால் ஏன் பெட்டை? ஒரே அம்மாவுக்கு ஏன் இத்தனை விதம்? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள், அப்படியே அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

இரவுப்பணி எழுதியது:

மூணு கலர்னா பெட்டைதான் அக்கா, அது உண்மை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு அப்பா இருக்கலாம். பெட்டை சூட்டில் இருக்கும் சில நாட்களில் பல கடுவன்களோடு சேரும், ஒவ்வொரு முட்டையும் தனித்தனியாகக் கருவாகும். அதனால் சுவர்க்காரன் ஒரு குட்டிக்கு மட்டும் அப்பாவாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. மரபணு விஷயமெல்லாம் பழைய விலங்கியல் டீச்சர் வந்து சொன்னால்தான் சரியாக இருக்கும்.

பழைய விலங்கியல் எழுதியது:

வந்துவிட்டேன். 31 வருஷம் விலங்கியல் நடத்தியவள் நான். பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். பாப்பாவுக்குப் படித்துக் காட்டுவதாகச் சொன்னீர்கள், அவளுக்கே எழுதுகிறேன்.

முதலில் வெள்ளையை மறந்துவிடு கண்ணு. வெள்ளை ஒரு நிறமே இல்லை, நிறம் வந்து சேராத இடம். மிச்சம் இருப்பது இரண்டு: கறுப்பு, செவலை. இந்த இரண்டில் எது என்று தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. (குரோமோசோம் என்பது செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் நூல் மாதிரி.) பெட்டைக்கு எக்ஸ் இரண்டு. கடுவனுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். ஒரே ஒரு எக்ஸ் இருப்பவனிடம் ஒரே ஒரு விடைதான் இருக்கும்: கறுப்பு, அல்லது செவலை. இரண்டும் ஒரே உடம்பில் வேண்டுமென்றால் இரண்டு எக்ஸ் வேண்டும். உங்கள் மருத்துவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தே சொன்னது இதை வைத்துத்தான்.

இப்போது உன் நோட்டுக்கு வருவோம். ஆண் குட்டிக்கு எக்ஸ் யாரிடமிருந்து வருகிறது? அம்மாவிடமிருந்து மட்டும். அப்பா மகனுக்குத் தருவது ஒய். அதில் இந்த நிற மரபணு கிடையாது. அப்படியென்றால் கறுப்பு, காலுறை, செவலை வெள்ளை ஆகிய மூன்று பையன்களும் கறுப்பா செவலையா என்ற விஷயத்தில் அம்மாவை மட்டுமே காட்டுகிறார்கள். அவளிடம் ஒரு கறுப்பு எக்ஸ், ஒரு செவலை எக்ஸ். இருவருக்குக் கறுப்பு விழுந்தது, ஒருவனுக்குச் செவலை. சுவர்க்காரன் கறுப்பாக இருப்பதும் காலுறைக்காரன் கறுப்பாக இருப்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் நடந்திருக்கலாம். வெள்ளைக் காலுறையும் சாட்சி ஆகாது. அந்த மரபணு வேறொரு குரோமோசோமில் இருக்கிறது, ஒரு பெற்றோர் கொடுத்தாலே வேலை செய்யும், உங்கள் அம்மாப் பூனையிடமே அது இருக்கிறது.

மூன்று நிறக் குட்டியும் அப்பாவைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். அம்மாவின் செவலை எக்ஸும் ஒரு கறுப்பு அப்பாவின் எக்ஸும் சேர்ந்திருக்கலாம். அம்மாவின் கறுப்பு எக்ஸும் ஒரு செவலை அப்பாவின் எக்ஸும் சேர்ந்திருக்கலாம். இரண்டு வழியிலும் இதே குட்டிதான் வரும்.

மிச்சம் இருப்பது கடைசிக் குட்டி. அவள் பெண், முழுச் செவலை. இரண்டு எக்ஸும் செவலையாக இருந்தால்தான் அப்படிப் பிறக்க முடியும். ஒன்றை அம்மா கொடுத்திருப்பாள். இன்னொன்று? அப்பாவிடம் செவலை எக்ஸ் இருந்தாக வேண்டும், அவனிடம் இருப்பதோ ஒரே எக்ஸ், ஆகவே அவன் செவலைக் கடுவனாகத்தான் இருக்க வேண்டும். (முழு வெள்ளைப் பூனை ஒரு விதிவிலக்கு. அதன் உண்மையான நிறம் வெள்ளைக்கு அடியில் மறைந்து கிடக்கும். அப்படி ஒருவன் உங்கள் பக்கம் சுற்றுகிறானா?) ஐந்து குட்டிகளில் அப்பாவைப் பற்றிப் பேசுபவள் இவள் ஒருத்தி மட்டுமே. இவளுக்குச் சுவர்க்காரன் அப்பா இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. அவள் பெண்தான் என்பது உறுதியாக வேண்டும். இந்த வயதில் தவறிப் போவது சகஜம். வாலைத் தூக்கிப் பாருங்கள். பெட்டைக்கு இரண்டு துவாரமும் நெருங்கி இருக்கும், கீழே இருப்பது சிறு கீறல் போலத் தெரியும், அரைப்புள்ளியின் சாயலில். கடுவனுக்கு இரண்டும் விலகி, இரண்டுமே வட்டமாக, முக்காற்புள்ளி மாதிரி. பக்கத்தில் கறுப்புப் பையனை வைத்து ஒப்பிட்டால் சந்தேகம் இருக்காது.

இனி அந்தத் திட்டு. இரண்டு எக்ஸும் இருந்தால் கறுப்பும் செவலையும் கலந்து ஒரு பழுப்பாகத்தானே வர வேண்டும், ஏன் திட்டுத் திட்டாக வருகிறது? கரு சின்னஞ்சிறு உருண்டையாக இருக்கும்போதே, பெட்டையின் ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றைச் சுருட்டி மூலையில் போட்டுவிடுகிறது. அம்மா தந்ததா, அப்பா தந்ததா என்பது திருவுளச் சீட்டு மாதிரி. ஆனால் ஒருமுறை விழுந்த சீட்டு விழுந்ததுதான். அந்தச் செல் இரண்டாகி, நான்காகி, லட்சமானாலும் எல்லா வாரிசுகளும் அதே எக்ஸை மூடியே வைத்திருக்கும். செவலை எக்ஸை மூடிய செல்லின் வம்சம் கறுப்புத் திட்டு. கறுப்பு எக்ஸை மூடியதன் வம்சம் செவலைத் திட்டு.

இதைச் சொன்னவர் மேரி லயன் என்ற ஆங்கிலேய மரபியலாளர், 1961இல். அவர் பார்த்துக்கொண்டிருந்தது எலிகளை. பெண் எலிகளில் மட்டும் ரோமம் திட்டுத் திட்டாக வருவதிலிருந்து இந்த முடிவுக்கு வந்தார். அதற்கு 12 வருஷம் முன்பே, 1949இல், கனடாவில் மரே பார் என்பவரும் அவருடைய மாணவர் பெர்ட்ரமும் பூனைகளின் நரம்புச் செல்களை ஆராய்ந்தபோது சில பூனைகளில் மட்டும் செல்லின் உட்கருவில் ஒரு கரும்புள்ளி இருப்பதைக் கவனித்தார்கள். களைத்துப்போன நரம்புச் செல்லில் என்ன மாறுகிறது என்று பார்ப்பதுதான் அவர்கள் எடுத்த வேலை. புள்ளி இருந்த பூனைகளெல்லாம் பெட்டை என்று பிறகுதான் புரிந்தது. சுருட்டி ஒதுக்கப்பட்ட அந்த எக்ஸ்தான் அது.

நான் அதைப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாம் வருஷம் படிக்கிறேன். கன்னத்தின் உள்பக்கத்தை மழுங்கிய குச்சியால் மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். முதல் பத்துப் பன்னிரண்டு செல்லில் ஒன்றுமே இல்லை. எல்லாச் செல்லிலும் தெரியாது, தேடத்தான் வேண்டும். பிறகு ஒரு செல், வெளிறிய உட்கரு, அதன் ஓரத்தில் உள்சுவரோடு ஒட்டிக்கொண்டு கடுகை விடச் சின்னதாகத் தெரிந்த ஒரு பொட்டு. பக்கத்து மேசைப் பையன் தன் தகட்டில் மணிக்கணக்காகத் தேடினான், அவனுக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது என் அம்மாவோ அப்பாவோ தந்த ஒரு முழு குரோமோசோம். எது என்றுகூட எனக்குத் தெரியாது. எத்தனையோ செல்களை வெறுமனே தாண்டி வந்த பிறகு அந்தப் பொட்டு தென்பட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாப்பாவுக்கு ஒரு வேலை. டார்ச் எடுத்து அம்மாப் பூனையின் செவலைத் திட்டை உற்றுப் பார். மங்கலாக வரி தெரியும். கறுப்புத் திட்டில் வரி இருக்கிறதா? பார்த்து எழுது.

மொட்டைமாடி எழுதியது:

டீச்சர், மன்னிக்க வேண்டும், எங்கள் வீட்டில் மூன்று நிறக் கடுவன் ஒன்று இருந்தது. ஒன்பது வருஷம் வளர்த்தோம். ஆண்தான், சந்தேகமே இல்லை, கருத்தடை அறுவை செய்தபோது மருத்துவரே ஆச்சரியப்பட்டார். அப்போ உங்கள் விதி?

பழைய விலங்கியல் எழுதியது:

மன்னிப்பு எதற்கு! அப்படி ஒருவனை ஒன்பது வருஷம் மடியில் வைத்திருந்திருக்கிறீர்கள், எனக்குப் பொறாமையாக இருக்கிறது. மூன்று நிறப் பூனைகளில் ஏறக்குறைய 3000க்கு ஒன்றுதான் ஆண் என்று சொல்வது வழக்கம்.

விதி உடையவில்லை. பூனைக்கு இயல்பாக 38 குரோமோசோம். உங்கள் கடுவனுக்குப் பெரும்பாலும் 39 இருந்திருக்கும்: இரண்டு எக்ஸ், கூடவே ஒரு ஒய். முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாவிட்டால் இப்படி ஒன்று கூடுதலாக வந்துவிடும். ஒய் இருப்பதால் ஆண். எக்ஸ் இரண்டு இருப்பதால் ஒன்றை மூட வேண்டும், ஆகவே திட்டு. இப்படிப்பட்ட கடுவன்களுக்குப் பொதுவாகக் குட்டி பிறக்காது. மனிதர்களிலும் இதே அமைப்போடு பிறக்கும் ஆண்கள் உண்டு, அதை கிளைன்ஃபெல்ட்டர் நிலை என்பார்கள். பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் வாழ்க்கை போய்விடும். அபூர்வமாக இன்னொரு வழியும் உண்டு: இரண்டு கருக்கள் ஆரம்பத்திலேயே ஒட்டி ஒரே பூனையாகிவிடுவது. அப்படி வந்த கடுவனுக்குக் குட்டி பிறக்கவும் கூடும்.

எண்ணிப் பார்த்தால் நியாயம் புரியும். செல் மூடுவது “பெண்ணா” என்று பார்த்து இல்லை. “எக்ஸ் ஒன்றுக்கு மேல் இருக்கிறதா” என்று பார்த்துத்தான். மூன்று எக்ஸ் இருந்தால் இரண்டை மூடிவிடும்.

ஜன்னலோரம் எழுதியது:

எனக்கு ஒரு கேள்வி. கொஞ்சம் சொந்த விஷயம். எங்கள் மூன்று நிறப் பூனை போன வருஷம் இறந்துவிட்டாள். பதினாறு வருஷம் இருந்தாள். நெற்றியில் ஒரு செவலைச் சொட்டு, வால் நுனியில் கறுப்பு. க்ளோனிங் (ஒரு செல்லை வைத்து அதே டி.என்.ஏ. உள்ள இன்னொரு பூனையை உருவாக்குவது) செய்து தருகிற நிறுவனங்கள் வெளிநாட்டில் இருக்கின்றன என்று என் தம்பி சொல்கிறான். பண விஷயத்தை விடுங்கள். அவளுடைய டி.என்.ஏ. அப்படியே இருந்தால், அந்தச் சொட்டு அதே இடத்தில் வருமா?

பழைய விலங்கியல் எழுதியது:

வராது அம்மா. இதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

உலகத்தின் முதல் க்ளோன் பூனை 2001 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பெயர் சிசி. எந்தப் பூனையின் செல்லை எடுத்தார்களோ அவள் பெயர் ரெயின்போ. அவள் உங்கள் பூனையைப் போலவே மூன்று நிறம். 87 கருக்களை வாடகைத் தாய்ப் பூனைகளின் வயிற்றில் வைத்ததில் உயிரோடு பிறந்தது சிசி ஒருத்தி. அவளைப் பார்த்தால் வரிவரியான பழுப்பும் வெள்ளையும். செவலை ஒரு திட்டுகூட இல்லை!

டி.என்.ஏ. அதேதான், பரிசோதித்து உறுதி செய்தார்கள். பிறகு ஏன்? ரெயின்போவின் உடம்பிலிருந்து எடுத்தது ஒரே ஒரு செல். அந்தச் செல்லில் செவலை எக்ஸ் ஏற்கெனவே மூடிக் கிடந்தது. அந்த மூடல் கலையாமலேயே சிசியின் உடம்பு முழுக்கப் பரவியது. வேறு செல்லை எடுத்து, மூடல் முழுக்கக் கலைந்து, சீட்டு மறுபடி குலுக்கப்பட்டாலும்கூட, அது வேறு சீட்டு. நெற்றியில் அந்த இடத்தில் அந்தச் சொட்டு விழ வேண்டுமென்றால், கருவில் இருந்த அத்தனை செல்லும் அதே முடிவை மறுபடி எடுக்க வேண்டும்.

நிறச் செல்களுடைய பயணமும் இருக்கிறது. அவை தோலில் பிறப்பதில்லை. கருவின் முதுகு ஓரத்தில், பின்னால் தண்டுவடம் ஆகப்போகும் குழாயை ஒட்டி உருவாகி, அங்கிருந்து இரண்டு பக்கமும் கீழ்நோக்கி ஊர்ந்து போகின்றன. வயிறு, பாதம், முகவாய், மார்பு எல்லாம் தூரத்து இடங்கள். வெள்ளைக்கான மரபணு இருக்கும் பூனைகளில் நிறச் செல்கள் அங்கே போய்ச் சேர்வதில்லை. அதனால்தான் வெள்ளை எப்போதும் அடிவயிற்றிலும் காலிலும் இருக்கிறது. முதுகு மட்டும் வெள்ளையாக, வயிறு மட்டும் கறுப்பாக ஒரு பூனையை யாராவது பார்த்திருக்கிறீர்களா? புறப்பட்ட செல்கள் குறைவு என்பதால் ஒவ்வொன்றும் பெரிய இடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. வெள்ளை கலந்த பூனைக்குத் திட்டு பெரிது. வெள்ளையே இல்லாத கறுப்பு செவலைப் பூனைக்கு இரண்டு நிறமும் மணலில் மணல் கலந்தது போலப் பொடிப்பொடியாக இருக்கும். பூனைக்காரி அவர்களே, உங்கள் பூனையின் மூக்குக் கோடும் இதுதான். இடப்பக்கம் இறங்கிய கூட்டமும் வலப்பக்கம் இறங்கிய கூட்டமும் நடுக்கோட்டில் சந்தித்திருக்கின்றன.

ஜன்னலோரம், அந்த நெற்றிச் சொட்டு மரபணுவில் எழுதி வைத்திருந்தது இல்லை. அவள் அம்மா வயிற்றில் ஒரே ஒரு முறை நடந்தது. சிசி நல்லபடியாக வாழ்ந்தாள், குட்டி போட்டாள், 18 வயதில் 2020இல் இறந்தாள். தன் சொந்த வாழ்க்கையை வாழ்ந்த இன்னொரு பூனை அவள். உங்களிடம் ஒரு க்ளோன் வந்தாலும் அப்படித்தான் வருவாள்.

ஜன்னலோரம் எழுதியது:

நன்றி டீச்சர். தம்பிக்கும் காட்டினேன். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

கணக்குநோட்டு எழுதியது:

நான் கணக்கு வாத்தியார், எனக்கு இதில் பிடித்தது கூட்டல் கழித்தல்தான். ஒருவருக்கு ஒரு எக்ஸ், இன்னொருவருக்கு இரண்டு. எக்ஸில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள், பெரும்பாலானவற்றுக்கு நிறத்தோடும் ஆண் பெண் வித்தியாசத்தோடும் சம்பந்தமே இல்லை. ஒருவர் உடம்பில் அந்தச் சரக்கெல்லாம் இரட்டிப்பாக உற்பத்தியானால் வண்டி ஓடாது. எப்படியாவது சமன்படுத்தியாக வேண்டும். இதற்கு உயிரினங்கள் வேறு வேறு வழி கண்டுபிடித்திருக்கின்றன என்று படித்தபோது அன்று இரவு தூங்கவில்லை.

நாம், பூனை, எலி எல்லாம் ஒன்றை மூடுகிறோம். பழ ஈ மூடுவதே இல்லை. ஆண் ஈ தன் ஒற்றை எக்ஸை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுகிறது. மண்ணில் இருக்கும் ஒரு மில்லிமீட்டர் நீள உருளைப்புழு, சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ், இரண்டு எக்ஸையும் திறந்தே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பாதியாகக் குறைக்கிறது. ஒரே சமன்பாடு, மூன்று விடை, மூன்றும் சரி!

கங்காருவில் இன்னும் வேடிக்கை. அங்கேயும் ஒன்றை மூடுகிறார்கள், ஆனால் சீட்டுக் குலுக்கல் கிடையாது. எப்போதும் அப்பா தந்த எக்ஸைத்தான் மூடுவது. ஆகவே இதே நிற மரபணு கங்காருவின் எக்ஸில் இருந்தாலும் திட்டுப் போட்ட கங்காரு பிறக்காது, அம்மா எக்ஸின் நிறம்தான் முழுக்க. பறவையில் எல்லாமே தலைகீழ். இரட்டைக் குரோமோசோம் ஆணுக்கு, ஒற்றை பெண்ணுக்கு. டீச்சர், ஒரு சந்தேகம்: மூட வேண்டியது எது என்று முடிவானதும் செல் எதை வைத்து மூடுகிறது?

பழைய விலங்கியல் எழுதியது:

அருமையாகச் சொன்னீர்கள். மூடப்போகிற எக்ஸே தன்னை மூடிக்கொள்கிறது. அதில் எக்ஸிஸ்ட் என்று ஒரு மரபணு இருக்கிறது, 1991இல் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து உருவாகும் நீளமான ஆர்.என்.ஏ. (மரபணுவின் நகல் மாதிரி) எந்தப் புரதத்தையும் செய்வதில்லை. பிறந்த குரோமோசோமின் மேலேயே படர்ந்து, நூல்கண்டு சுற்றுவது போல அதைச் சுற்றி மூடுகிறது. 2013இல் அமெரிக்காவில் இந்த எக்ஸிஸ்டைக் கொண்டுபோய், டவுன் சிண்ட்ரோம் உள்ளவரின் செல்லில் கூடுதலாக இருந்த 21ஆவது குரோமோசோமில் வைத்துப் பார்த்தார்கள். ஆய்வுத் தட்டில் அது அந்தக் குரோமோசோமையும் மூடியது. எக்ஸே அல்லாத ஒன்றை!

இன்னொன்று. செவலை மரபணு எக்ஸில் இருக்கிறது என்று நூறு வருஷத்துக்கும் மேலாகத் தெரியும், ஆனால் எந்த மரபணு என்பது சமீப காலம் வரை தெரியாது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டிலும் ஜப்பானில் கியூஷுவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகத் தேடி, 2025இல் ஒரே விடையை வெளியிட்டன. செவலைப் பூனைகளின் எக்ஸில் ஓரிடத்தில் சுமார் 5000 டி.என்.ஏ. எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. நிறச் செல்லில் தூங்கிக்கொண்டிருக்க வேண்டிய மரபணு ஒன்று அதனால் விழித்துக்கொள்கிறது, கறுப்பு நிறமி செய்வது நின்று செவலை நிறமி வருகிறது. ஒன்று தொலைந்ததால் ஒன்று முளைத்திருக்கிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த செய்தி. வகுப்பில் சொல்லக் கொடுத்துவைக்கவில்லை.

மனிதரிலும் இப்படியா என்று எப்போதும் கேட்பார்கள். ஆமாம். என் அண்ணனுக்குச் சிவப்பு பச்சை வித்தியாசம் தெரியாது. அந்த மரபணுவும் எக்ஸில்தான், அவனுக்கு அது அம்மாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அப்படியென்றால் அம்மாவின் விழித்திரையிலும் உங்கள் பூனையின் முதுகைப் போலத் திட்டுகள்: ஒரு திட்டில் வேலை செய்யும் மரபணு, அடுத்த திட்டில் செய்யாதது. ஆனால் அம்மா தையல் கூடையில் சிக்கிக் கிடக்கும் நூல்களில் இலைப்பச்சையைத் தனியாக, கிளிப்பச்சையைத் தனியாக எடுப்பாள். நல்ல திட்டுகளே போதுமாக இருந்திருக்கின்றன. ரோமம் இல்லாததால் நம் திட்டு வெளியே தெரிவதில்லை.

பூனைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் கழித்து வருகிறேன், காரணம் இருக்கிறது.

முதலில் வரி. டார்ச் அடித்துப் பார்த்தோம். செவலைத் திட்டில் வரி அழகாகத் தெரிகிறது, தோள்பக்கம் அலை அலையாக. அதைத் தொட்டு நிற்கும் கறுப்புத் திட்டில் ஒன்றுமே இல்லை, மை கொட்டின மாதிரி. ஒரு வரி கறுப்பின் எல்லை வரை வந்து அங்கே அப்படியே நிற்கிறது. மகள் அதை வரைந்திருக்கிறாள். ஏன் என்று கேட்கிறாள்.

இரண்டாவது, சின்னவள். வாலைத் தூக்கி, பக்கத்தில் கறுப்பனையும் வைத்துப் பார்த்தோம். அரைப்புள்ளிதான். சந்தேகத்துக்கு என் கணவரும் பார்த்தார். பெண்.

மூன்றாவது விஷயம். இங்கே முழு வெள்ளைப் பூனை எதுவும் இல்லை. செவலைக் கடுவனையும் நாங்கள் பார்த்ததே இல்லை. மகள் விடவில்லை. பழைய கைபேசியை ஜன்னலில் சாய்த்து வைத்து இரவு முழுக்கப் பதிவு செய்தோம். முதல் இரவு சுவர்க்காரன் மட்டும். இரண்டாம் இரவும் அவனே. நேற்று அதிகாலை 3.40க்கு, குழாயடிப் பக்கமிருந்து பெரிய தலையோடு ஒருவன் ஏறி வந்தான். விளக்கு வெளிச்சத்தில் நிற்கும்போது நன்றாகத் தெரிகிறது: செவலை, வாலில் வளையம் வளையமாக வரி, இடது காதில் பாதி இல்லை. ஜன்னலுக்குக் கீழே ஒரு நிமிஷம் நின்றான். உள்ளே பெட்டியிலிருந்து எங்கள் பூனை உறுமுவதும் பதிவில் கேட்கிறது. போய்விட்டான்.

மகள் தூக்கத்திலிருந்து எழுந்து இதைப் பார்த்ததும் போட்ட கூச்சலில் குட்டிகள் எல்லாம் அலமாரிக்குப் பின்னால் ஓடிவிட்டன. நோட்டில் “சுவர்க்காரன்” என்பதை அடித்து, “காதறுந்தவன்” என்று எழுதியிருக்கிறாள்.

பழைய விலங்கியல் எழுதியது:

பதிவை நான்கு முறை படித்துவிட்டேன். பாப்பா, பிரமாதம்!

வரிக்கு விடை: கறுப்பு வரியை அழித்து முழுக் கறுப்பாக்கும் மரபணு ஒன்று உண்டு, அது கறுப்பு நிறமியின் மேல்தான் வேலை செய்யும். செவலை நிறமியிடம் அதன் பாச்சா பலிக்காது. அதனால் வரியில்லாத செவலைப் பூனை என்று ஒன்று கிடையாது. உன் அம்மாப் பூனையின் உடம்பு முழுக்க வரிக்கான கோலம் ஒன்றுதான், கறுப்புப் பகுதியில் அது மூழ்கியிருக்கிறது.

ஆனால் நோட்டில் ஒரு திருத்தம் வேண்டும். சின்னவளுக்கு அப்பா ஒரு செவலைக் கடுவன், அது நிச்சயம். காதறுந்தவன்தானா, இன்னும் நீ பார்க்காத வேறொரு செவலைக்காரனா என்பது நிச்சயமில்லை. மற்ற நான்கு பேருக்கும் அவனே அப்பாவாக இருக்கலாம். சுவர்க்காரனாகவும் இருக்கலாம். இருவருமாகவும் இருக்கலாம். அதனால் சுவர்க்காரன் பெயரை முழுக்க அடிக்காதே. சின்னவளுக்கு நேரே மட்டும் அடி.

பூனைக்காரி எழுதியது:

திருத்திவிட்டாள் டீச்சர். நான்கு பேருக்கு நேரே “சுவர்க்காரன்?” என்று கேள்விக்குறி போட்டிருக்கிறாள். சின்னவளுக்கு நேரே “செவலை (நிச்சயம்). காதறுந்தவன் (பார்த்துக்கொண்டிருக்கிறேன்)”. இன்றைக்கும் கைபேசி ஜன்னலில் இருக்கிறது.